கருவுற்ற காலத்தில் இரத்தக் கொழுப்பு: ஏறுவது ஏன், இறங்குவது எப்போது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எட்டாம் மாதக் கருவுடன் ஓர் இளம்பெண் தம் மாமியாரோடு எங்கள் மகப்பேறு புறநோயாளிகள் பிரிவுக்கு வந்தார். பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர், முதல் கரு. கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். மனைவியின் உடல்நலத்தில் அக்கறை கொண்ட அவர், விடுமுறைக்கு வந்திருந்தபோது வெளியே ஓர் ஆய்வகத்தில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்ய ஏற்பாடு செய்திருந்தார். அந்த அறிக்கையில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. மொத்தக் கொலஸ்ட்ரால் 268, டிரைகிளிசரைடு 241. இரண்டின் அருகிலும் ‘அதிகம்’ என்ற குறிப்பு.

அந்தத் தாள் வந்த நாள் முதல் அவர்கள் வீட்டு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. நிலக்கடலை, முட்டை, பால், தேங்காய் யாவும் நிறுத்தப்பட்டன. மூன்று வாரங்களாகக் களியும் புளிச்சாறும்தான் உணவு. “பிள்ளைக்குக் கொழுப்பு ஏறிவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன், டாக்டரம்மா” என்றார் மாமியார். அவர் சொன்னதில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் எடை பார்த்தபோது, ஏற வேண்டிய மாதத்தில் அந்தப் பெண்ணின் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது.

எங்கள் மருத்துவர் அந்த மூதாட்டியிடம் ஒன்று கேட்டார். “ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருக்கிறீர்களா, அம்மா?” போகாமல் இருப்பார்களா? “சித்திரையில் பாறை தெரிய ஓடும் காவிரி ஆடியில் எப்படி வருகிறது? பரிசலைக் கரையில் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறோமே தவிர, ஆற்றுக்கு நோய் வந்துவிட்டது என்று சொல்கிறோமா? உங்கள் மருமகளின் இரத்தத்தில் இப்போது ஓடுவது ஆடிப் பெருக்கு. இதைச் சித்திரை மாதத்து அளவுகோலால் அளந்திருக்கிறார்கள்.”

அன்று அந்தக் குடும்பத்துக்குச் சொன்னவற்றை இந்த இதழில் நம் வாசகர்கள் அனைவருக்கும் விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். சொல்ல வேண்டியவை இரண்டு. கருவுற்ற காலத்தில் கொழுப்பு ஏறுவது பெரும்பாலும் இயற்கை. அதற்கு அஞ்சி உணவைக் குறைத்தல் தவறு. பெருக்கு வடிந்ததா என்று பிறகு பார்க்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

இரத்தத்தில் உள்ள கொழுப்புகள்

ஆய்வக அறிக்கையில் பொதுவாக நான்கு பெயர்களைக் காணலாம். மொத்தக் கொலஸ்ட்ரால், எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு என்பன அவை. கொலஸ்ட்ரால் என்பது உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் கலந்திருக்கும் பொருள். பல ஹார்மோன்களுக்கு மூலப்பொருளும் அதுவே. எல்.டி.எல். அதைக் கல்லீரலிலிருந்து உடலெங்கும் ஏற்றிச் செல்லும் வண்டி. அளவு மிகுந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தால் இரத்தக் குழாயின் உட்சுவரில் அது படியும். எச்.டி.எல். மீந்ததைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டு வரும் வண்டி. டிரைகிளிசரைடு என்பது எரிபொருள். நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் மட்டுமன்றி, மிகுதியாக உண்ட சோறும் சர்க்கரையும்கூட அந்த வடிவில்தான் சேமிக்கப்படுகின்றன.

இக்கட்டுரையில் வரும் எண்கள் யாவும் 100 மில்லி இரத்தத்தில் உள்ள மில்லிகிராம் அளவைக் குறிக்கும். கருவுறாத பெண்ணுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழும், டிரைகிளிசரைடு 150-க்குக் கீழும், எச்.டி.எல். 50-க்கு மேலும் இருப்பது விரும்பத்தக்கது.

ஒன்பது மாதங்களில் நிகழ்வது என்ன?

கரு தரித்த முதல் சில வாரங்களில் கொழுப்பின் அளவு ஏறுவதில்லை. சற்றே குறையவும் செய்கிறது. மூன்றாம் மாதம் நிறையும்போது ஏற்றம் தொடங்குகிறது. முதல் ஆறு மாதங்களில் தாயின் உடல் ஓர் உழவர் குடும்பத்தைப் போல நடந்துகொள்கிறது. அறுவடையான கேழ்வரகைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல, வருகின்ற உணவில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றி இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைக்கிறது. இவ்வாறு சேரும் கொழுப்பு ஏறத்தாழ மூன்று கிலோ.

கடைசி மூன்று மாதங்களில் குதிர் திறக்கப்படுகிறது. குழந்தை விரைந்து வளரும் காலம் அது. குழந்தைக்கு முதன்மையான எரிபொருள் குளுக்கோஸ். அதைக் குழந்தைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தாயின் உடல் தன் தேவைக்குக் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இந்த மாற்றத்தை நடத்துகின்றன. அவை இன்சுலினின் வேகத்தைத் தணித்து, சேமித்த கொழுப்பை இரத்தத்தில் இறக்கிவிடுகின்றன. பெருகி வரும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைத் தூண்டி, கொழுப்பை ஏற்றிச் செல்லும் வண்டிகளை மிகுதியாகச் செய்ய வைக்கிறது. எனவே பிரசவம் நெருங்கும் வேளையில் டிரைகிளிசரைடு முன்பிருந்ததைப் போல இரண்டு மூன்று மடங்காவதும், கொலஸ்ட்ரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுவதும் இயல்பு. நல்ல பெயர் பெற்ற எச்.டி.எல்.லும் இக்காலத்தில் கூடுகிறது; ஆறாம் மாத அளவில் உச்சத்தைத் தொட்டுப் பின் சற்றே தணிகிறது.

இந்தக் கொழுப்பு வீணாகத் திரிவதில்லை. கருவைக் கருப்பையில் நிலைநிறுத்தும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனை நஞ்சுக்கொடி செய்கிறது. அதற்கான மூலப்பொருளைத் தாயின் எல்.டி.எல். வண்டிகளிலிருந்தே அது இறக்கிக்கொள்கிறது. டிரைகிளிசரைடு அப்படியே குழந்தையைச் சென்றடைவதில்லை. நஞ்சுக்கொடி அதைக் கொழுப்பு அமிலங்களாக உடைத்து, வேண்டியதைப் பிரித்து அனுப்புகிறது. குழந்தையின் மூளையும் கண்ணின் விழித்திரையும் உருவாக அவற்றுள் சில இன்றியமையாதவை.

இது மாநகர்ப் பெண்களை மட்டும் வைத்துச் சொல்லப்படும் செய்தி அன்று. மகாராட்டிர மாநிலத்தில் புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993-ஆம் ஆண்டு தொடங்கி, புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் கருவுற்ற தாய்மார்களையும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்து வருகின்றனர். வயலில் உழைக்கும் மெலிந்த பெண்கள் அவர்கள். நம் மாவட்டத்துத் தாய்மார்களோடு ஒப்பிடத்தக்கவர்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வின் ஒரு பகுதி, குழந்தையின் பிறப்பு அளவோடு தாயின் இரத்தச் சர்க்கரைக்கு எவ்வளவு தொடர்பு உண்டோ அவ்வளவு தொடர்பு தாயின் கொழுப்புக்கும் உண்டு என்று காட்டியது. 28-ஆம் வாரத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் கூடுதலாக இருந்த தாய்மார்களுக்குச் சற்றுப் பெரிய குழந்தைகள் பிறந்தன. ‘பிள்ளைக்கு ஆகாது’ என்று நாம் அஞ்சும் பொருள், அளவோடு இருக்கும்போது பிள்ளை வளரத் துணை நிற்கும் பொருளாகவும் இருக்கிறது.

அப்படியானால் எது அளவு?

மகப்பேறு மருத்துவர்கள் எடுத்தாளும் அட்டவணை ஒன்று 2009-இல் வெளியானது. நலமாக உள்ள கருவுற்ற பெண்களிடம் காணப்படும் அளவுகளை அது மும்மாத வாரியாகத் தருகிறது. மொத்தக் கொலஸ்ட்ரால் முதல் மூன்று மாதங்களில் 141 முதல் 210 வரையும், நடு மூன்று மாதங்களில் 176 முதல் 299 வரையும், கடைசி மூன்று மாதங்களில் 219 முதல் 349 வரையும் இருக்கலாம். டிரைகிளிசரைடு முறையே 40 முதல் 159, 75 முதல் 382, 131 முதல் 453 வரை இருக்கலாம்.

இப்போது அந்தப் பென்னாகரம் பெண்ணின் தாளைத் திரும்பப் பாருங்கள். எட்டாம் மாதத்தில் கொலஸ்ட்ரால் 268, டிரைகிளிசரைடு 241. இரண்டும் வரம்புக்குள் அடங்கியவை. ஆய்வகத்தின் கணினி அவர் கருவுற்றிருப்பதை அறியாது. கருவுறாதவர்க்கான எல்லையோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்று அச்சிட்டுவிட்டது. இதனால்தான், தனிப்பட்ட காரணம் இல்லாத நிலையில், கருவுற்ற காலத்தில் கொழுப்புப் பரிசோதனையை நாங்கள் எல்லோருக்கும் எழுதுவதில்லை. வெளியே எடுத்த அறிக்கை கையில் இருந்தால் அதை வைத்து வீட்டிலேயே முடிவு செய்யாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள்.

அஞ்ச வேண்டிய பெருக்கும் உண்டு

எல்லாப் பெருக்கும் கரைக்குள் அடங்குவதில்லை. கீழ்க்கண்டவர்கள் முதல் வருகையிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கருவுறுவதற்கு முன்பே கொலஸ்ட்ரால் அல்லது டிரைகிளிசரைடு மிகுதிக்காக மாத்திரை உட்கொண்டவர்கள் முதல் வகையினர். ‘ஸ்டாட்டின்’ வகை மாத்திரைகளைப் பெரும்பாலான பெண்கள் கருவுற்றதும் நிறுத்திவிட வேண்டும் என்பதே இன்றும் அறிவுரை. மிக அதிக ஆபத்துள்ள சிலருக்கு மருத்துவர் தனித்து ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-இல் தன் பழைய முழுத் தடையைத் தளர்த்தியது. அறியாமல் சில வாரம் உட்கொண்டுவிட்டோமே என்று கலங்கிக் கருவைக் கலைக்க எண்ண வேண்டாம். மாத்திரை அட்டையுடன் உடனே வந்து பேசுங்கள்.

பெற்றோர், உடன்பிறந்தோருள் ஆண்களுக்கு 55 வயதுக்குள்ளோ பெண்களுக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்த குடும்பத்தினர் அடுத்த வகையினர். பரம்பரையாக வரும் எல்.டி.எல். மிகுதி உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு உள்ளது. நம் பகுதியில் தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது வழக்கம். ஒரே மரபுக் குறையைத் தாய் தந்தை இருவரும் சுமந்தால், அது இரட்டையாகக் குழந்தையைச் சேரக்கூடும். அக்குழந்தைக்குச் சிறுவயதிலேயே கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாக ஏறும். எனவே சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் குடும்பத்து இதயநோய் வரலாற்றை மறைக்காமல் சொல்வது நல்லது.

மூன்றாம் வகையினர் டிரைகிளிசரைடு மிக உயர்ந்தவர்கள். 500-ஐத் தாண்டினால் தனிக் கவனம் தேவை. 1000-ஐத் தாண்டினால் கணையம் புண்பட்டு வீங்கும் ஆபத்து உண்டு. இது அரிது, ஆனால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாக முடியக்கூடியது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும் கடும் வலி, நில்லாத வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள். இதைப் பிரசவ வலி என்றோ வாயுத் தொல்லை என்றோ கருதி ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களில் உள்ளோர் வண்டி வந்து சேர ஆகும் நேரத்தையும் கணக்கிட்டு முன்கூட்டியே அழைக்க வேண்டும்.

கருவுற்ற கால நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் நான்காம் வகையினர். இவர்களிடம் டிரைகிளிசரைடு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. வெறும் வயிறா, உண்டவயிறா என்று பாராமல் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைப் பருகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 140-ஐ எட்டுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையை நம் தாய்மார்கள் அறிவார்கள். நெடுந்தூரம் பயணம் செய்து வரும் கிராமத்துப் பெண்களுக்கும் ஏற்ற இந்த எளிய முறையை முன்னெடுத்தவர் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு மருத்துவ அறிஞர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் நாள், கருவுற்ற கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

உணவு: குறைக்காதீர்கள், மாற்றுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, கருவுற்ற பெண்ணுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். சமையலில் சேர்க்கும் எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 30 கிராம், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி, வரை கொள்ளலாம். எண்ணெயே கூடாது என்பதும் பிழை. இரண்டு உயிருக்கு என்று இரட்டிப்பாக ஊற்றுவதும் பிழை.

நம் மாவட்டத்து அடுக்களைக்கு இது கடினமன்று. கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும், கீரைக் கடைசலும், கொள்ளும் அவரையும் நம் பாட்டிமார் வழிவழியாகச் சமைத்தவை. நார்ச்சத்து மிகுந்த இவ்வுணவு சர்க்கரையையும் கொழுப்பையும் மெல்ல ஏற்றும். களியோடு கீரையோ பருப்போ முட்டையோ சேர்ந்தால்தான் உணவு நிறைவுறும். வெறும் களியும் புளிச்சாறும் போதா. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையை எவரும் விலக்க வேண்டியதில்லை. வாரம் இருமுறை சிறிய மீன்கள் கிடைத்தால் குழந்தையின் மூளைக்கு நல்லது. வறுப்பதைவிடக் குழம்பாக்குவது மேல்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் ஆவின் நெய்யைத் தொடலாமா என்று பலர் கேட்கின்றனர். தொடலாம். அந்த ஆறு தேக்கரண்டிக் கணக்கில் ஒன்றிரண்டு நெய்யாக இருக்கட்டும். அதை முழுவதும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுத் தாம் தொடாத தாய்மார்களையும் நாங்கள் பார்க்கிறோம். அது உங்களுக்கென்று வந்த நெய்.

குறைக்க வேண்டியவை வேறு. நாளுக்கு நான்கு முறை சர்க்கரை நிறைந்த தேநீர், அடுமனையின் பப்ஸ், கிரீம் ரொட்டி, கடை வடை, மீந்த பாமாயிலை மறுமுறை காய்ச்சிப் பொரித்த அப்பளம் ஆகியவை டிரைகிளிசரைடை ஏற்றும். குழந்தைக்கு ஒன்றும் தாரா. ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள்.

இன்னொன்று: காலை உணவைத் தள்ளிப்போடாதீர்கள். கருவுற்ற பெண்ணின் உடல் சில மணி நேரப் பட்டினியிலேயே சேமித்த கொழுப்பை உருக்கத் தொடங்கிவிடும். விரதம் இருப்போர் மருத்துவரைக் கலந்து கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பின்: பெருக்கு வடியும் காலம்

நஞ்சுக்கொடி வெளியேறியதும் அது சுரந்த ஹார்மோன்களும் நின்றுபோகின்றன. முதலில் இறங்குவது டிரைகிளிசரைடு. பெரும்பாலான தாய்மார்களுக்கு ஆறு வாரங்களுக்குள் அது பழைய நிலையை நெருங்கிவிடும். கொலஸ்ட்ராலும் எல்.டி.எல்.லும் அவ்வளவு விரைவாக இறங்குவதில்லை. பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே நாற்பதாம் நாளில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவைக் கண்டு முடிவுக்கு வருதல் கூடாது.

இந்த இறக்கத்துக்குத் துணை செய்வது தாய்ப்பால். பால் சுரக்கும் மார்பகம் தாயின் இரத்தத்தில் உள்ள டிரைகிளிசரைடை இழுத்துப் பாலில் சேர்க்கிறது. 100 மில்லி தாய்ப்பாலில் மூன்றரை முதல் நான்கு கிராம் கொழுப்பு உண்டு. நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் பால் கொடுக்கும் தாய் 25 முதல் 30 கிராம் கொழுப்பைத் தம் குழந்தைக்கு ஊட்டுகிறார். அவர் ஒரு நாளில் உண்ணப் பரிந்துரைக்கப்பட்ட எண்ணெயின் அளவும் ஏறக்குறைய அதுவே! இதனால்தான் பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது அதே பரிந்துரை.

பத்திய உணவைப் பற்றி ஒரு சொல். பூண்டுக் குழம்பு, நாட்டுக்கோழிச் சாறு, கருவாடு எல்லாம் இருக்கட்டும். ஆனால் கீரையும் காய்கறியும் பழமும் ‘குளிர்ச்சி’ என்று விலக்குவதும், தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதும் வேண்டாம். லேகியம் என்ற பெயரில் சர்க்கரைப் பாகும் நெய்யும் உருண்டை உருண்டையாக உள்ளே போவதையும் கவனியுங்கள். தாய் வீட்டில் மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவிடாமல் வைத்திருப்பது அன்புதான். எனினும் சுகப்பிரசவம் ஆனவர் சில நாள்களிலும், அறுவைச் சிகிச்சை ஆனவர் மருத்துவர் சொன்ன பின்னரும் மெல்ல நடக்கத் தொடங்குவதே உடலுக்கு நல்லது.

வடியாத பெருக்கு

இரண்டாம் தாய் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம். அரூர்ப் பக்கத்தைச் சேர்ந்த அவருக்கு ஏழாம் மாதத்தில் மொத்தக் கொலஸ்ட்ரால் 340-ஐ நெருங்கியிருந்தது. ‘கருவுற்ற காலம், அப்படித்தான் இருக்கும்’ என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்கள். பிரசவம் நலமாக முடிந்தது. எல்லோரும் அதை மறந்தார்கள். குழந்தையின் ஒன்பதாம் மாதத் தட்டம்மைத் தடுப்பூசிக்கு வந்தபோது பழைய குறிப்பைப் புரட்டிய எங்கள் செவிலியர், “அதற்குப் பிறகு பார்த்தீர்களா, அம்மா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. பார்த்தபோது எல்.டி.எல். மட்டும் 214.

190-க்கு மேல் நிலைத்து நிற்கும் எல்.டி.எல்., பரம்பரைக் காரணத்தை ஐயுற வைப்பது. விசாரித்ததில், அவருடைய தந்தை 42 வயதில் வயலில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தவர் என்று தெரிந்தது. அண்ணனை வரவழைத்துப் பரிசோதித்தோம். 31 வயது, அவருக்கும் எல்.டி.எல். 200-ஐத் தாண்டியிருந்தது. உடலில் ஒரு குறையும் உணராதவர். இன்று அண்ணன் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். தங்கை பால் மறக்கச் செய்தபின் மருந்தைத் தொடங்கினார். ஒரு குழந்தையின் தடுப்பூசி நாளில் கேட்ட ஒரு கேள்வியால் இரண்டு பேருக்கு நோய் முன்கூட்டியே தெரியவந்தது.

இவ்வளவு உயராவிட்டாலும் கவனம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ என்னும் நீரிழிவு ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் எடுத்த கணக்கின்படி நூற்றுக்கு 72 பேருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது. நம் மக்களிடம் தொடக்கத்திலேயே உள்ள குறை இது. இதன்மேல் கருவுற்ற கால நீரிழிவும் சேர்ந்தால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு என்று 2020-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு கூறுகிறது. கருவுற்றபோது இரத்த அழுத்தம் மிகுந்து சிறுநீரில் புரதம் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய், பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

தடுப்பூசி அட்டையோடு தாய்க்கும் ஒரு கணக்கு

குழந்தையின் தடுப்பூசி அட்டையை எந்தத் தாயும் தவறவிடுவதில்லை. தேதி பார்த்து, பேருந்து ஏறி, வெயிலானாலும் மழையானாலும் வந்துவிடுகிறார். அவருடைய சொந்தப் பரிசோதனைக் குறிப்பேடு மட்டும் பிரசவ நாளோடு நின்றுவிடுகிறது. ஆகவே குழந்தையின் நாள்களோடு தாயின் நாள்களையும் இணைத்துக் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆறாம் வாரத் தடுப்பூசியின்போது: கருவுற்ற கால நீரிழிவு இருந்தவர்கள் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லோரும் இரத்த அழுத்தமும் எடையும் பார்த்துக் கொள்ளுங்கள்.

பதினான்காம் வாரத் தடுப்பூசியின்போது: கருவுற்ற காலத்தில் கொழுப்பு மிகுந்திருந்தவர்கள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்கள் முதல் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசியின்போது: முன்பு கூடுதலாக இருந்திருந்தால் மீண்டும் பாருங்கள். இறங்காத கொலஸ்ட்ராலுக்குத் தைராய்டு குறைபாடும் ஒரு காரணமாகலாம். பிரசவத்துக்குப் பிந்தைய ஆண்டில் இது சிலருக்குப் புதிதாகத் தோன்றும். ஆகவே தைராய்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

அதன்பின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க நீங்கள் நகரத்துக்கு வர வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பணியாளர்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றனர். அவர்கள் வரும்போது வயல் வேலையைச் சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா?*
கருவுற்றவர்கள் நீண்ட நேரம் பட்டினி கிடக்க வேண்டாம். பெரும்பாலான கொழுப்புப் பரிசோதனைகளுக்கு உண்டபின் எடுத்த இரத்தமே போதும். டிரைகிளிசரைடு மிக உயர்ந்திருந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுமுறை எடுக்கச் சொல்வோம்.

*பால் கொடுக்கும்போது கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடலாமா?*
ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் பாலூட்டும் காலத்தில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. மாத்திரைக்காகப் பாலை நிறுத்துவதா, பாலுக்காக மாத்திரையைச் சில மாதம் தள்ளிப்போடுவதா என்பதை உங்கள் நிலையறிந்து மருத்துவர் சொல்வார்.

*குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையால் கொழுப்பு ஏறுமா?*
ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் டிரைகிளிசரைடை ஏற்றக்கூடும். முன்பே அது மிகுந்திருந்தவர்கள் கடையில் தாமாக வாங்காமல் எங்களிடம் கேளுங்கள். வேறு வழிகள் உள்ளன.

*ஒல்லியாக இருப்பவருக்கும் கொழுப்பு ஏறுமா?*
ஏறும். பரம்பரைக் காரணத்துக்கு உடல் பருமன் தேவையில்லை. அரூர்த் தாயும் அவருடைய அண்ணனும் மெலிந்தவர்களே.

முதலில் சொன்ன பென்னாகரம் பெண் அன்று வீடு திரும்பியதும் அவர் மாமியார் கடலை எண்ணெயில் கத்தரிக்காய் வதக்கிக் கொடுத்தாராம். அடுத்த வருகையில் எடை ஏறியிருந்தது. புரட்டாசியில் 2 கிலோ 900 கிராம் எடையோடு பெண் குழந்தை பிறந்தது. பதினான்காம் வாரத் தடுப்பூசிக்கு வந்த அன்று தாயின் டிரைகிளிசரைடு 118. கொலஸ்ட்ரால் 204-க்கு இறங்கி, இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பேத்தியை இடுப்பில் வைத்திருந்த மாமியார் அந்தத் தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். “ஆறு வடிந்துவிட்டதுங்களா, டாக்டரம்மா?” என்று கேட்டார். வடிந்துவிட்டது என்றோம்.

உங்கள் வீட்டில் கடந்த ஓராண்டுக்குள் பிரசவமான பெண் இருந்தால், இந்த இதழை மூடுவதற்கு முன் அதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அடுத்த தடுப்பூசி நாளில் குழந்தையோடு அவருடைய குறிப்பேட்டையும் எடுத்து வாருங்கள்.